வந்தவாசியும் லாலியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளிப் பாடத்தில் "1760, வந்தவாசிப் போர், பிரெஞ்சுக்காரர் தோல்வி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரை நாள்கூட நீடிக்காத ஒரு சண்டை, ஒரு தளபதியின் கனவையும் ஒரு நாட்டின் எதிர்காலத்தையும் முடித்துவைத்தது என்பதை எப்படி நம்புவது?
— ஒரு வாசகர், செய்யாறு

உங்கள் ஐயம் நியாயமானது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே மோதிக்கொண்ட படைகள், அந்நாளைய ஐரோப்பியப் போர்க்களங்களோடு வைத்துப் பார்த்தால் மிகச் சிறியவை. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் இருந்த ஐரோப்பிய வீரர்கள் ஏறத்தாழ 1,900 பேர். பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். களத்தில் மாண்ட பிரெஞ்சு வீரர்கள் சுமார் 200 பேர்தான். இதைவிடப் பெரிய தோல்விகளைத் தாங்கிக்கொண்டு மறு ஆண்டே எழுந்து நின்ற தளபதிகள் வரலாற்றில் பலர் உண்டு.

ஆனால் ஒரு போர் முடிவானதா இல்லையா என்பதை மாண்டவர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. தோற்றவரால் இழந்ததை ஈடுசெய்ய முடிந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அன்று மாலை செஞ்சிப் பக்கம் பின்வாங்கிய லாலிக்குப் பின்னால் வேறு படை இல்லை. புதிய படையைத் திரட்டப் புதுச்சேரிக் கஜானாவில் பணம் இல்லை. பிரான்சிலிருந்து ஆட்களையும் பணத்தையும் கொண்டுவரக் கடலில் கப்பல் இல்லை. உள்நாட்டில் அவருக்கு உதவ முன்வரும் மனிதர்களையும் அவர் ஏறக்குறைய முழுவதுமாகப் பகைத்துக்கொண்டிருந்தார். ஆகவே, வந்தவாசியில் முடிந்தது ஒரு பகல்நேரச் சண்டை என்றாலும், அந்தச் சண்டையில் தோற்கவே கூடாத நிலைக்கு லாலி வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய 20 மாதங்களில்தான். அந்த 20 மாதங்களைப் பார்க்காமல் வந்தவாசியை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: லாலி திறமையற்றவரா? அப்படியானால் பிரெஞ்சு அரசு அவரை ஏன் அனுப்பியது? அவர் உண்மையில் எதை அடைய விரும்பினார்?
— ஒரு வாசகி, கடலூர்

தாமஸ் ஆர்தர் லாலி 1702-ல் பிரான்சில் பிறந்தவர். தந்தை வழியில் அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயர் மீதான வெறுப்பு அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது. 1745-ல் ஃபாண்ட்டனாய்ப் போரில் பிரெஞ்சு அணியில் நின்ற அயர்லாந்துப் படைப்பிரிவில் அவர் காட்டிய வீரம் பிரெஞ்சு அரசரின் பாராட்டைப் பெற்றது. எனவே திறமையற்றவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அஞ்சாதவர், உழைப்பாளி, தம் சொந்த லாபத்துக்காக எதையும் செய்யாதவர். குறை வேறிடத்தில் இருந்தது: பிறரை நம்பவும் அரவணைக்கவும் அவருக்குத் தெரியவில்லை, தம் கீழ் இருந்த அதிகாரிகளையும், புதுச்சேரிக் கவர்னரையும் ஆலோசனைச் சபையாரையும், இந்நாட்டு மக்களையும் ஒரே கடுமையோடு நடத்தினார்.

அவருடைய குறிக்கோள் ஒன்றே ஒன்றுதான்: இந்தியத் தீபகற்பத்தில் ஆங்கிலேயரே இருக்கக் கூடாது. அவருக்கு முன் இங்கே பிரெஞ்சுக் கவர்னராக இருந்த டூப்ளே, ஐதராபாத்திலும் ஆற்காட்டிலும் நடந்த வாரிசுச் சண்டைகளில் தலையிட்டு, உள்நாட்டு அரசர்களின் துணையோடு பிரெஞ்சுச் செல்வாக்கை வளர்க்க முயன்றவர். அந்த வழியில் லாலிக்கு நம்பிக்கை இல்லை. கோட்டைகளைப் பிடிப்பது, ஆங்கிலேயரைக் கடலுக்குள் தள்ளுவது, அத்தோடு கணக்கை முடிப்பது என்பதே அவர் திட்டம். தொடக்கத்தில் அது பலிக்கவும் செய்தது. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் கால் வைத்தவர், அன்றே படைகளைக் கடலூர் நோக்கி நகர்த்தினார். ஜூன் 2 அன்று கடலூரின் செயிண்ட் டேவிட் கோட்டை அவர் வசமானது. உங்கள் ஊர்க்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் இன்று காணும் சிதைவுகளுக்குப் பெரும் பொறுப்பு அவரையே சாரும். பிடித்த கோட்டையை அவர் இடிக்கச் செய்தார். அந்தச் செயலுக்கான விலையைப் பின்னர் புதுச்சேரி கொடுக்க நேர்ந்தது.

கடலூரோடு அவருடைய வெற்றிகளின் உச்சம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். அடுத்துச் சென்னையைத் தாக்க வேண்டும். ஆனால் கையில் பணம் இல்லை. முன்பு தஞ்சை மன்னர், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்து, பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த 56 லட்சம் ரூபாய்க்கான பத்திரம் ஒன்றைக் காட்டிப் பணம் பெறலாம் என்று எண்ணி, 1758 கோடையில் அவர் தஞ்சாவூர் நோக்கிப் புறப்பட்டார். உணவும் வண்டிமாடுகளும் முன்கூட்டித் திரட்டப்படவில்லை. சுமை தூக்கப் புதுச்சேரி மக்களைச் சாதி, வயது, தொழில் என்று எதையும் பாராமல் பிடித்து இழுத்துச் சென்றார்கள். வழியில் நாகூர் கொள்ளையிடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளத்தைக்கூடத் துழாவினார்கள். ஒற்றர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் அந்தணர்கள் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இத்தனைக்கும் பிறகு தஞ்சைக் கோட்டையை வீழ்த்தப் போதிய வெடிமருந்து இல்லாமல், ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. மன்னர் பிரதாபசிம்மன் பணிந்து கொடுத்திருந்தால் லாலியின் கதை வேறாகியிருக்கலாம். ஆனால் கோயிலைச் சூறையாடியவனுக்கு எந்த மன்னன்தான் மனமுவந்து பணம் கொடுப்பான்?

கேள்வி: சென்னையை முற்றுகையிட்டபோதே லாலி வென்றிருக்கலாம் அல்லவா? அங்கே ஏன் தோற்றார்?
— ஒரு வாசகர், சென்னை

1758 டிசம்பர் நடுவில் தொடங்கிய முற்றுகை இரண்டு மாதம் நீடித்தது. கோட்டையை அடுத்திருந்த கறுப்பர் நகரம் முதலிலேயே பிரெஞ்சு வீரர்களின் கையில் சிக்கியது. ஆனால் நெடுநாள் சம்பளம் காணாத அவர்கள் கொள்ளையிலும் சாராயத்திலும் இறங்கிவிட, ஆங்கிலேயர் கோட்டைக்குள்ளிருந்து வெளிவந்து தாக்கினார்கள். அதை முறியடித்தும் லாலியால் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. கடைசியில் 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் உதவிப் படையோடு கடற்கரையில் தென்பட்டதும், மறுநாளே முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

கப்பல்கள் என்று சொன்னேன். சென்னையின் தலையெழுத்தும் வந்தவாசியின் தலையெழுத்தும் கடலில்தான் எழுதப்பட்டன. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷே, ஆங்கிலேயத் தலைவர் போகாக்கோடு 1758-ல் இருமுறையும் 1759 செப்டம்பரில் ஒருமுறையும் மோதினார். எந்தச் சண்டையிலும் அவருடைய கப்பற்படை அழிந்துவிடவில்லை. ஆனால் 1758-ன் இரண்டாம் சண்டைக்குப் பிறகும் 1759 சண்டைக்குப் பிறகும் சேதத்தைச் சரிசெய்ய மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பிப் போனார். ஆங்கிலேயருக்கோ வங்காளம் அருகில் இருந்தது. 1757-ல் பிளாசியில் வென்ற பிறகு அந்த வளம் மிக்க மாநிலத்தின் பணமும் ஆட்களும் அவர்களுக்குக் கைகொடுத்தன. புதுச்சேரிச் சபையார் கெஞ்சியும் கண்டித்தும் எழுதியதைப் பொருட்படுத்தாமல், 1759 அக்டோபர் தொடக்கத்தில் தஷே பாய் விரித்துப் போனவர், பிறகு திரும்பவே இல்லை.

அதே மாதத்தில் சம்பளப் பாக்கிக்காக லாலியின் ஐரோப்பிய வீரர்களே கலகம் செய்தார்கள். பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து, அனைவரையும் மன்னித்த பிறகே அவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். அதே மாதத்தின் கடைசியில்தான் அயர் கூட் தம் பட்டாளத்தோடு சென்னையில் வந்து இறங்கினார். ஒரு பக்கம் வடியும் பலம், மறு பக்கம் பெருகும் பலம்.

கேள்வி: வந்தவாசிப் போர் எப்படி நடந்தது? களத்தில் எந்தக் கணத்தில் முடிவு மாறியது என்று விரிவாகச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகர், வந்தவாசி

இந்த ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

1759 இறுதியில் லாலி தம் படையில் ஒரு பகுதியைத் தெற்கே ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பியிருந்தார். வரி வசூலுக்குரிய வளமான நிலப்பகுதியைக் கைப்பற்றிப் பணம் சேர்ப்பது அதன் நோக்கம். படை பிரிந்திருந்த அந்த இடைவெளியில், நவம்பர் இறுதியில் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அடுத்துக் கருங்குழியும் விழுந்தது. புதுச்சேரிக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே அமைந்த வந்தவாசியை எதிரியிடம் விட்டுவைக்க லாலியால் முடியாது. 1760 ஜனவரியில் காஞ்சிபுரத்தின் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, அந்த நகரையும் சூறையாடிவிட்டு, விரைந்து வந்தவாசிக்கு வந்து பேட்டையைக் கைப்பற்றிக் கோட்டை மதிலை நோக்கிப் பீரங்கிகளை நிறுத்தினார். கூட் உத்திரமேரூர் வழியாக நெருங்கி வந்தார், ஆனால் அவசரப்படவில்லை. மதிலில் உடைப்பு விழும் நேரத்தில், அதாவது லாலியின் கவனமும் ஆட்களும் இரண்டு பக்கம் பிரிந்திருக்கும் நேரத்தில் தாக்குவதே நல்லது என்று அவர் கணக்குப் போட்டார்.

ஜனவரி 22 காலையில் கூட் நேராகப் பிரெஞ்சுப் பாசறை மீது பாயாமல், பக்கவாட்டில் நகர்ந்து குன்றின் அடிவாரத்தை ஒட்டிய கரடுமுரடான நிலத்தை அடைந்தார். அங்கே குதிரைப்படையால் எளிதில் நெருங்க முடியாது. கோட்டைக்குள் இருந்த தம் ஆட்களோடும் தொடர்பு கிடைக்கும். போர் தொடங்குமுன்பே நடந்த இந்த நகர்வைத்தான் அன்றைய நாளின் மிகச் சிறந்த செயலாக நான் மதிக்கிறேன். லாலிக்கு இரண்டே வழிகள் எஞ்சின: முற்றுகையை விட்டு விலகுவது, அல்லது பாசறையிலிருந்து வெளியே வந்து மோதுவது. அவர் மோதினார்.

பிரெஞ்சு அணியின் இடப்பக்கம் ஓர் ஏரிக்கரையை ஒட்டி அமைந்திருந்தது. அந்தக் கரையையே அரணாக்கி, கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட மாலுமிகளை அங்கே சில பீரங்கிகளோடு நிறுத்தியிருந்தார்கள். நடுவில் லொரேன் பட்டாளமும் பிரெஞ்சுக் கும்பினியின் ஐரோப்பிய வீரர்களும், ஏரிப் பக்கம் லாலியின் சொந்தப் பட்டாளமும், வலக்கோடியில் ஐரோப்பியக் குதிரைப்படையும் நின்றன. தொடக்கத்திலேயே ஆங்கிலேய அணியில் சிறு தடுமாற்றத்தைக் கண்ட லாலி, குதிரைப்படையைத் தாமே முன்னின்று நடத்திப் பாய்ந்தார். அதற்கு முன், பாயச் சொன்னபோது அந்தப் படையின் அதிகாரி அசையாமல் நின்றதால், அவரை அந்த இடத்திலேயே பதவி நீக்க வேண்டியிருந்தது. தளபதியின் சொல்லுக்குப் படை எந்த அளவுக்கு மதிப்புக் கொடுத்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பாய்ந்த குதிரைகளை இரண்டு ஆங்கிலேயப் பீரங்கிகள் தெறிக்கச் செய்தன. தளபதியைத் தனியே விட்டுவிட்டுக் குதிரைப்படை திரும்பி ஓடியது.

அடுத்து, லொரேன் பட்டாளம் வரிசைக்குப் 12 பேர் என்று நெருக்கமான நெடும்பத்தியாகத் திரண்டு, துப்பாக்கி முனைக் கத்திகளை நீட்டியபடி கூட்டின் பட்டாளத்தை நோக்கி ஓடிவந்தது. ஆங்கிலேயர் மிக அருகில் வரும்வரை காத்திருந்து சுட்டார்கள். முன்வரிசைகள் சரிந்தபோதிலும் பத்தியின் வேகம் தணியவில்லை. அது எதிர்வரிசையை உடைத்து உள்ளே புகுந்தது. ஆனால் உடைந்த இடத்துக்கு இருபுறமும் நின்ற ஆங்கிலேய வீரர்கள் சிதறாமல் உள்நோக்கித் திரும்பிப் பத்தியின் விலாக்களைத் தாக்க, ஆளோடு ஆள் கலந்த கொடிய கைகலப்பு நடந்தது. சில நிமிடங்களில் லொரேன் பட்டாளம் சிதறிப் பாசறையை நோக்கி ஓடத் தொடங்கியது.

அதே வேளையில்தான் நீங்கள் கேட்கும் அந்தக் கணம் வந்தது. ஆங்கிலேயர் சுட்ட குண்டு ஒன்று ஏரிக்கரை அரணுக்குள் நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்துச் சிதறியதில் அங்கிருந்த அதிகாரி மாண்டார். ஏறத்தாழ 80 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். எஞ்சியவர்கள் அரணை விட்டு ஓடினார்கள். அரணைக் காக்க இந்நாட்டுச் சிப்பாய்களை லாலி ஏவினார். அவர்கள் நகர மறுத்தார்கள். வெற்றிடத்தைக் கண்ட கூட், மேஜர் பிரெரடனை அனுப்பினார். புகுந்து அரணைக் கைப்பற்றிய பிரெரடன் அங்கேயே உயிர்க்காயம் பட்டு வீழ்ந்தார். அந்தக் கரையிலிருந்து, பிரெஞ்சு அணியின் பக்கவாட்டு முழுவதும் ஆங்கிலேயரின் துப்பாக்கிகளுக்குத் திறந்து கிடந்தது.

இடப்பக்கத்தைத் தாங்க முயன்றவர் பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி. லாலியின் பட்டாளத்தைத் திரட்டிக்கொண்டு கத்திமுனையில் பாய்ந்தார். குதிரை அடிபட்டு விழுந்தது. இறங்கி நடந்தபடி முன்னேறியவரைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு சிலரே. அவர் சிறைப்பட்டார். பிற்பகல் 2 மணியளவில் எல்லாம் முடிந்திருந்தது. லாலியின் பீரங்கிகளில் பெரும்பாலானவை களத்திலேயே கிடந்தன. காலையில் ஓடிய ஐரோப்பியக் குதிரைப்படை, பின்வாங்கும் நேரத்தில் மட்டும் உறுதியாக நின்று, தோற்ற படை முற்றிலும் அழிந்துபோகாமல் காத்தது.

கேள்வி: வெடிமருந்து வண்டி வெடிக்காமல் இருந்திருந்தால் லாலி வென்றிருப்பாரா?
— ஒரு வாசகர், திண்டிவனம்

அன்றைய சண்டை இழுபறியாக முடிந்திருக்கலாம். வென்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. லொரேன் பட்டாளம் ஏற்கெனவே முறிந்துவிட்டது. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை சுமார் 3,000 பேர் லாலிக்குத் துணையாக அருகிலேயே இருந்தும், முக்கிய மோதலில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியே நின்றது. சிப்பாய்கள் முன்னேற மறுத்தார்கள். இந்த மறுப்புகள் எதற்கும் வெடித்த வண்டி காரணம் அல்ல. சம்பளம் தராத, மரியாதையும் தராத ஒரு தளபதிக்காக உயிரைக் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: புஸ்ஸியை ஐதராபாத்திலிருந்து லாலி திரும்ப அழைத்ததே பெரிய தவறு என்கிறார்களே?
— ஒரு வாசகி, புதுச்சேரி

சரியாகவே சொல்கிறார்கள். நிஜாமின் அவையில் பல ஆண்டுகள் பிரெஞ்சுச் செல்வாக்கைக் கட்டிக்காத்தவர் புஸ்ஸி. ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய வட சர்க்கார் மாவட்டங்களின் வருவாய் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது அவரால்தான். 1758-ல் லாலி அவரை அழைத்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் வங்காளத்திலிருந்து வந்த கர்னல் ஃபோர்டு அங்கிருந்த பிரெஞ்சுப் படையை வென்றார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினமும் வீழ்ந்தது. பணத்துக்காகத் தஞ்சாவூர் வரை அலைந்த தளபதி, பணம் தந்துகொண்டிருந்த நிலத்தைத் தாமே கைநழுவ விட்டார். தாம் அழைத்துக்கொண்ட புஸ்ஸியின் ஆலோசனையையாவது கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. வந்தவாசியை முற்றுகையிட்டுக்கொண்டு கூட்டை எதிர்பார்த்திருப்பது ஆபத்து என்று புஸ்ஸி எச்சரித்தார். தம்மை லஞ்சம் வாங்குபவர்களும் பொறாமைக்காரர்களும் மட்டுமே சூழ்ந்திருப்பதாக நம்பிய லாலிக்கு, நல்ல ஆலோசனையும் சூழ்ச்சியாகவே பட்டது.

கேள்வி: போருக்குப் பின் லாலி என்ன ஆனார்? புதுச்சேரி மக்கள் என்ன ஆனார்கள்?
— ஒரு வாசகர், விழுப்புரம்

கூட் உடனே புதுச்சேரிக்குப் பாயவில்லை. முதலில் ஆற்காட்டைப் பிடித்தார். பிறகு காரைக்கால் வீழ்ந்தது. சுற்றிலுமிருந்த கோட்டைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. புதுச்சேரிக்கு நெல் வரும் வழிகள் அடைபட்டன. லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். வந்த படையும் ஒரு சிறு வெற்றிக்குப் பிறகு ஊர் திரும்பிவிட்டது. 1760 இறுதியில், உணவு காலியாகிக்கொண்டிருந்த நகரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயக் காவல் வரிசை அவர்களைக் கடக்க விடவில்லை. நகரின் வாயிலும் திறக்கவில்லை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இரு படைகளுக்கும் நடுவே பொட்டல் வெளியில் வேர்களைத் தோண்டித் தின்றபடி ஒரு வாரத்தைக் கழித்தார்கள். அதன் பிறகே கூட் வழிவிட்டார். இந்தப் போரைப் பற்றிப் பேசும்போது தளபதிகளின் வீரத்தை விவரிக்கும் அளவுக்கு இந்த மக்களைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

1761-ன் புத்தாண்டுப் புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பல நாசமானபோதும் முற்றுகை தளரவில்லை. ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. கடலூர்க் கோட்டைக்கு லாலி செய்ததை ஆங்கிலேயர் புதுச்சேரிக்குச் செய்தார்கள். மதில்களும் மாளிகைகளும் தரைமட்டமாயின. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும் இருந்து அந்த நகரின் கால் நூற்றாண்டு வாழ்க்கையைத் தமிழில் நாள்தோறும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே மாதத்தில்தான் மறைந்தார்.

கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட லாலி, தம் மீது பிரான்சில் சுமத்தப்படும் பழிகளுக்குப் பதில் சொல்ல அனுமதி பெற்றுத் தாமாகவே பாரிஸ் சென்றார். அங்கே அவரைப் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள். அரசரின் நலனுக்குத் துரோகம் செய்ததாகத் தீர்ப்பு வந்தது. 1766 மே 9 அன்று, பேச முடியாதபடி வாய் கட்டப்பட்ட நிலையில், பாரிஸில் பொதுமக்கள் முன்னிலையில் தலை வெட்டப்பட்டார். அவருடைய குறைகளை இவ்வளவு எழுதிய பிறகும் சொல்கிறேன்: அது அநீதி. அவர் முரடர், பிடிவாதக்காரர், துரோகி அல்லர். பணமும் கப்பலும் அனுப்பாத அரசும், தம் சொந்த வணிகத்தில் மூழ்கியிருந்த கும்பினி அதிகாரிகளும் தங்கள் பங்குப் பழியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். சிந்தனையாளர் வால்டேரும் லாலியின் மகனும் இடைவிடாமல் போராடியதன் பயனாக, 1778-ல் அந்தத் தீர்ப்பை அரசரின் சபை ரத்து செய்தது.

கேள்வி: அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் மீண்டும் முயலவில்லையா?
— அதே வாசகர்

முயன்றார்கள், ஆனால் மற்றவரின் போரில் துணைவர்களாகத்தான். 1763-ல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையால் புதுச்சேரி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இடிந்த நகரை மீண்டும் கட்டினார்கள். 1780-களில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரோடு போரிட்டபோது பிரெஞ்சுக் கப்பல்களும் படையும் உதவிக்கு வந்தன. அந்தப் படையின் தலைமையை ஏற்று 1783-ல் கடலூருக்கு வந்தவர், வயது முதிர்ந்து நோயுற்றிருந்த அதே புஸ்ஸி. அவரை எதிர்த்து நின்றிருக்கக்கூடிய அயர் கூட் அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னையில் இறந்துபோனார். கடலூரில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து போர் நின்றது. புஸ்ஸி 1785 ஜனவரியில் புதுச்சேரியிலேயே காலமானார்.